சோப்பு டப்பா மீட்டர்

என் மருமகனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையைக் கிடைக்காமல் செய்தவன் நான். யாரிடமும் போய் அவரைப் பற்றிக் கோள் சொல்லவில்லை. மொட்டைக் கடிதம் எழுதவில்லை. அவர் தன் காருக்காகத் தானே செய்த ஒரு சிறிய மீட்டரில் ஒரு தவறு இருந்தது. அது என்ன என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அவ்வளவுதான் செய்தேன் என்று சில வருடங்கள் என்னை நானே சமாதானப்படுத்தி வந்தேன். அதுவும் பொய். அதற்கு மேலும் செய்தேன். எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தேன். காலிபரேஷன் பிரிவு. அளக்கிற கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது எங்கள் வேலை. பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர், தராசு எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். சரியாகக் காட்டினால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அதில் கையெழுத்துப் போடுவேன். பிசகினால் சிவப்பு. என் பச்சை ஸ்டிக்கர் இல்லாத கருவியைத் தளத்தில் யாரும் தொட மாட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. தேவைக்கு அதிகமாகவே பிடித்திருந்தது.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கேள்வி எதுவும் கேட்பதற்கு முன், வந்தவர் கையில் ஒரு பிரஷர் கேஜைக் கொடுப்போம். எதோடும் இணைக்காத கேஜ். காற்று உள்ளே தள்ளப்படாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நாங்கள் வேண்டுமென்றே அதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருப்போம். வந்தவர் முதலில் அதைக் கவனித்துச் சொன்னால் உட்காரச் சொல்வோம். கவனிக்காமல் படிப்பு, மதிப்பெண் என்று ஆரம்பித்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுவோம். ஸீரோ பார்க்காதவன் வேறு எதைப் பார்ப்பான் என்பது எங்கள் பேச்சு. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்தான். எனக்குக் கீழே வேலை பழகிய எல்லோரும் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

என் ஒரே மகள் பொறியியல் படித்தவள். தான் வேலை பார்த்த கம்பெனியில் ஒப்பந்த எலெக்ட்ரீஷியனாக இருந்தவரை விரும்பித் திருமணம் செய்துகொண்டாள். அவர் படித்தது ஐ.டி.ஐ. ஊர் கல்லாவி. தகப்பன் இல்லை. தாய் பாரூர் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை, அதனால்தான் தயங்குகிறேன் என்று எங்கள் போதகரிடம் சொன்னேன். காரணம் அதுவல்ல. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. சபைக்குள் சாதி கிடையாது என்று ஆலயத்திலேயே எழுந்து பேசியவன் நான். என் வீட்டு வாசலுக்கு அது வந்தபோது மட்டும் எனக்குச் சபைப் பிரிவு ஞாபகம் வந்தது.

திருமணத்துக்குப் போனேன், முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆனால் 'மாப்பிள்ளை' என்று அவரை ஒருநாளும் கூப்பிடவில்லை. "ஏம்பா" என்பேன். மனதுக்குள் 'அவன்' என்பேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிற கைக்குக்கூட இது புதிய பழக்கம்தான்.

அவர்கள் மத்திகிரியில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். என் மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்படி வருவதற்கென்று மருமகன் ஒரு பழைய டீசல் காரை வாங்கினார். டர்போ வைத்த வண்டி. எஞ்சின் வெளியே விடுகிற புகையே ஒரு சிறு விசிறியைச் சுற்றும். அந்த விசிறி வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் சின்ன எஞ்சினுக்குப் பெரிய எஞ்சினின் பலம் வருகிறது. இவர் வாங்கிய வண்டி மேட்டில் இழுக்கவில்லை. கறுப்பாகப் புகைத்தது. டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக்.

அந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் மருமகன் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"எவ்ளோ ஊதுதுன்னு அளந்து பாக்காமயே போச்சுன்னு எப்படிங்க மாமா சொல்றாரு?"

அது என் வாக்கியம். முப்பத்துநான்கு வருடம் நான் மற்றவர்களிடம் சொன்ன வாக்கியம். அதை அவர் வாயில் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் சட்டையை வேறொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது.

"நீ என்ன பண்ணப் போற? கையை வெச்சிப் பாத்து சொல்லப் போறியா?" என்றேன்.

"இல்லீங்க மாமா. மீட்டர் ஒண்ணு செஞ்சி மாட்டிப் பாக்கலாம்னு."

மூன்று வாரத்தில் செய்துவிட்டார். பழைய சாமான் கடையில் உடைத்துப்போட்ட காரிலிருந்து காற்றழுத்த சென்சார் ஒன்றை எடுத்தார். பெட்ரோல் ட்யூபை வெட்டி, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து அதில் இணைத்தார். உள்ளங்கையில் பாதி அளவுள்ள ஒரு கம்ப்யூட்டர் போர்டு. எண் காட்ட ஒரு சிறு திரை. எல்லாவற்றையும் ஒரு பச்சை சோப்பு டப்பாவுக்குள் அடக்கி, மூடியில் சதுரமாக வெட்டித் திரையைப் பதித்து, டேஷ்போர்டில் ஒட்டியிருந்தார். டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்கிற அதே பவுண்டுக் கணக்கில் எண் ஓடும். வீட்டில் ஊசி போடும் சிரிஞ்சால் காற்றைத் தள்ளி, டயர் கடையின் கேஜோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருந்தார்.

"சோப்பு வாசனை போச்சா, இல்ல நுரை வருதா?" என்று கேட்டேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சிரித்தார்.

அந்த மீட்டர் வேலை செய்தது. மேட்டில் முழுசாக மிதிக்கும்போது எண் ஒன்பது வரை ஏறி, அங்கிருந்து சரிந்து விழுந்தது. டர்போ போயிருந்தால் ஒன்பதுகூட வராது, எங்கோ காற்று கசிகிறது என்று கண்டுபிடித்துத் தேடினார். ஒரு ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. குழாயை மட்டும் மாற்றினார். எண் பதினேழுக்குப் போனது. வண்டி இழுத்தது. டர்போவை மாற்றச் சொன்ன மெக்கானிக்கே, "தம்பி, எனக்கும் ஒண்ணு செஞ்சி குடு" என்றாராம்.

நான் ஆயுள் முழுக்க மற்றவர் செய்த கருவிகளில் குறை கண்டுபிடித்தவன். சொந்தமாக ஒரு கருவி செய்ததில்லை. இதை நான் அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

இந்தச் சமயத்தில்தான் அந்த வேலை வந்தது. கிருஷ்ணகிரிக்குக் கீழே ஒரு புதிய தொழிற்சாலை தொடங்கியிருந்தார்கள். அதன் காலிபரேஷன் பிரிவுக்குத் தலைவராகப் போயிருந்தவர் என்னிடம் பன்னிரண்டு வருடம் வேலை பழகியவர். பாகலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். ஒரு டெக்னீஷியன் வேண்டும் என்று எனக்கே போன் செய்தார். மகள் பக்கத்தில் இருந்தாள்.

நிரந்தர வேலை. ஒப்பந்தம் இல்லை. பெற்றோருக்கும் சேர்த்து மருத்துவச் சலுகை. மருமகனின் தாய்க்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அவரைக் கரும்பு வெட்டிலிருந்து நிறுத்தி, மத்திகிரிக்கு அழைத்து வந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான் இவர்கள் இருவருக்கும் திருமணமான நாளிலிருந்து இருந்த ஒரே கணக்கு. ஒப்பந்த வேலையில் அது நடக்காது. இந்த வேலை கிடைத்தால் நடக்கும்.

"அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ப்பா. எனக்காக இதுவரைக்கும் எதுவும் கேக்கல" என்றாள் மகள்.

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். "கெட்டிக்காரப் பையன், கையால செஞ்சி பழக்கம் உள்ளவன்" என்றேன். பழைய சிஷ்யர் மகிழ்ந்துபோனார். "அவரு செஞ்சது ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க சார். புதன்கிழமை வரட்டும். நீங்களும் வாங்க, பாத்து எவ்ளோ நாளாச்சு" என்றார்.

எடுத்துக்கொண்டு போவதற்கு என்ன இருக்கிறது? சோப்பு டப்பாதான்.

அதற்கு முந்தைய ஞாயிறு, கோயில் முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, மருமகன் என்னைக் காருக்கு அழைத்தார். மடிக்கணினியை மீட்டரோடு இணைத்து வைத்திருந்தார்.

"மாமா, ஒண்ணு மட்டும் புரியலீங்க. எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது ஸீரோதானே நிக்கணும்? மைனஸ் ஒன்றரை காட்டுது. இவ்ளோ நாளு நானே மனசுல ஒன்றரை கூட்டிப் படிச்சிக்கிட்டேன். அங்க கொண்டுபோய் அப்படி காட்ட முடியாதுங்களே."

குனிந்து திரையைப் பார்த்தேன். ஒரு நொடியில் புரிந்தது. அந்த சென்சார் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். டர்போ எவ்வளவு கூடுதலாகத் தள்ளுகிறது என்று தெரிய, வெளிக்காற்றைக் கழிக்க வேண்டும். அவர் புத்தகத்தில் உள்ள எண்ணைக் கழித்திருந்தார். பதினான்கு புள்ளி ஏழு. அது கடற்கரைக் காற்று. ஓசூர் மேட்டில் இருக்கிறது. இங்கே காற்று மெலிந்தது, பதின்மூன்றரைகூட இல்லை. ஒன்றரையின் கதை அவ்வளவுதான். அதற்கு ஒரே சரியான மருந்து, ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் அந்த இடத்துக் காற்றை அளந்து அதையே பூஜ்யமாக வைத்துக்கொள்ளச் செய்வது. புரோகிராமில் நான்கு வரி எழுதினால் போதும். அவருக்கு ஐந்து நிமிட வேலை.

நான் சொன்னேன்: "சென்சார் பழசு இல்லியா, பிசகியிருக்கும். எல்லாத்துலயும் ஒன்றரை கூட்டிடு."

"அவ்ளோதானுங்களா?"

"அவ்ளோதான்."

அவர் தட்டினார். திரையில் 0.0 வந்தது. முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு வாரமா மண்டைய உடைச்சிக்கிட்டேன் மாமா. நீங்க ஒரே பார்வையில சொல்லிட்டீங்க."

ஓசூரில் அது பூஜ்யம் காட்டும். கீழே இறங்க இறங்கக் காற்று கனக்கும். கிருஷ்ணகிரியில் எஞ்சின் ஓடாமலேயே அரை பவுண்டுக்கு மேல் காட்டும். அங்கே இருக்கும் என் சிஷ்யர் முதலில் எதைப் பார்ப்பார் என்பது எனக்கு என் பெயர் தெரிவதுபோலத் தெரியும்.

மருமகன் இன்னொன்றும் கேட்டார். ஓய்வு பெறும்போது நான் மீதி ஸ்டிக்கர்கள் சிலவற்றை எடுத்து வந்திருந்ததை மகள் சொல்லியிருக்கிறாள். "உங்க பச்சை ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டிக் குடுங்க மாமா. கையெழுத்தோட. அவரு பாத்தா சந்தோசப்படுவாரு."

"அதெல்லாம் விளையாட்டுக்கு ஒட்டறது இல்லப்பா" என்றேன். தவறாகக் காட்டும் கருவியில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த நேர்மை அப்போதும் என்னிடம் இருந்தது.

புதன்கிழமை காலை கிளம்பினோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகள் வாசலில் நின்று ஜெபித்து அனுப்பினாள். சூளகிரியில் டீக்கு நிறுத்தினோம். திரும்ப வந்து சாவியைப் போட்டதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"மாமா, இங்க பாருங்க. புள்ளி மூணு காட்டுது. வண்டி ஓடவே இல்ல."

இரண்டாவது தடவையாக எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மடிக்கணினி பின்சீட்டில் இருந்தது. நேரமும் இருந்தது. ஒரு வாக்கியம் போதும்.

"எஞ்சின் சூடு ஏறியிருக்குதில்ல. அதான். ஆறுனா சரியாயிடும்" என்றேன்.

அவர் நம்பினார். நான் சொன்னதால் நம்பினார். அங்கே போனதும் பானெட்டைத் திறந்துவைத்து ஆறவிட்டார். காகிதத்தால் விசிறக்கூட விசிறினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சிஷ்யர் இரண்டு இளம் பொறியாளர்களோடு வண்டி நிறுத்துமிடத்துக்கே வந்துவிட்டார். "சென்னாகிதீரா சார்?" என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னடத்தில் நலம் விசாரித்தார். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தார். சோப்பு டப்பாவைப் பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று, கேலி இல்லை.

"சூப்பரா இருக்குதே. எஞ்சின் போட வேணாம். சாவிய மட்டும் திருப்புங்க."

திரை எரிந்தது. 0.6.

அவர் காத்திருந்தார். மருமகன் பேசுவார் என்று காத்திருந்தார், அதுதான் தேர்வு. மருமகன் சென்சாரைப் பற்றியும், அதை எங்கிருந்து எடுத்தார் என்பதைப் பற்றியும், குழாய் வெடிப்பைக் கண்டுபிடித்ததைப் பற்றியும் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் சிஷ்யரின் முகத்திலிருந்து மெல்ல மெல்ல ஏதோ இறங்கியது.

"அதெல்லாம் சரிங்க. வண்டி நிக்குது. எஞ்சின் ஆஃப். டர்போ யாரு ஊதறாங்க?"

பொறியாளர்கள் சிரித்தார்கள். ஒருவர், "ஆவி ஊதுதோ என்னமோ" என்றார்.

"சூடு இன்னும் ஆறலீங்க சார்" என்றார் மருமகன்.

"சூட்டுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? புரோகிராமைக் காட்டுங்க."

மருமகன் பானெட்டை மூடி, அதன்மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். வரிகள் மேலே ஓடின. கழித்தல் கணக்குக்கு அடுத்த வரி திரையின் அடியிலிருந்து ஏறி வந்தது. அதன் பக்கத்தில் அவர் தனக்காகத் தமிழில் ஒரு குறிப்பை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்: 'மாமா சொன்ன திருத்தம், 1.5.'

என் சிஷ்யர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிவதற்குள் மருமகன் மடிக்கணினியை மூடிவிட்டார்.

"பேட்டரி இல்லீங்க சார்" என்றார்.

பேட்டரி இருந்தது. எனக்குத் தெரியும். நான் சொன்னது தவறு என்பது அந்த நிமிடம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னை என் சிஷ்யர் முன்னால் காட்டிக்கொடுக்காமல் மூடினார்.

என் சிஷ்யர் என் பக்கம் திரும்பினார். "ஏன் சார், வீட்லயே நீங்க இருக்கீங்க. உங்ககிட்ட காட்டலியா?"

இது மூன்றாவது வாய்ப்பு. நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"நம்மகிட்ட எங்க கேக்கறாங்க? எல்லாம் போன்ல பாத்து செய்யறது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மருமகன் தலை குனிந்து நின்றது எனக்கு இன்னும் ஊக்கம் கொடுத்தது. என் சிஷ்யரிடம் கன்னடத்துக்கு மாறினேன். கரும்பு வெட்டுகிற வீட்டுக் கை, நுணுக்கமான வேலை அதற்கு எப்படி வரும், என் மகளின் தலைவிதி என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். என் சிஷ்யர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார். கல்லாவிக்காரனுக்குக் கன்னடம் தெரியாது என்பது என் தைரியம்.

உள்ளே அழைத்து டீ கொடுத்தார்கள். எங்கள் பிரிவில் டீ கொடுத்தால் என்ன அர்த்தம் என்று மருமகனுக்குத் தெரியாது. நன்றி சொல்லிக் குடித்தார்.

திரும்பும் வழியில் அவர் மீட்டரின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். குருபரப்பள்ளி தாண்டி, ஓரமாக நின்றிருந்த ஒரு கர்நாடக லாரிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பேரிகைக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். மருமகன் கண்ணாடியை இறக்கி, எங்கே பாலம், எங்கே யூ டர்ன், எந்தச் சாலை குழி என்று கன்னடத்திலேயே விளக்கினார். தடுமாற்றம் இல்லாத, கூலியாட்கள் குடியிருக்கும் லேபர் லைனில் பழகிய கன்னடம். லாரிக்காரர் சிரித்துக்கொண்டே ஏதோ கேலி செய்ய, இவரும் பதிலுக்கு ஒன்று சொன்னார். கண்ணாடியை ஏற்றினார்.

"ஆறு வருசமா என்கூட ஷிஃப்ட்ல இருக்கறவங்க எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்கதான் மாமா" என்றார். சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. மகள் கேட்டபோது, "போட்டி ஜாஸ்தி" என்றார் மருமகன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார், மீன் வாங்கி வந்தார். "சாப்பிடுங்க மாமா" என்று முள் நீக்கி என் தட்டில் வைத்தார்.

அவர் தாய் மேலும் இரண்டு பருவம் கரும்பு வெட்டினார். அறுவடை தொடங்கினால் தை முதல் சித்திரை வரை குனிந்த முதுகு. ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று படி ஏறுவதற்கு மகன் தோளைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். நான் நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"பையன் சொன்னான்ங்க. நீங்களே கூடப் போயி, பெரிய ஆபீசருகிட்ட எவ்ளோ எடுத்துச் சொன்னீங்களாம். நீங்க சொல்லியும் கெடைக்கலன்னா அது எங்க தலையெழுத்துதானுங்க. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க சாமி."

அவர் என் கையைப் பிடித்தார். கரும்புத் தோகை அறுத்த தழும்புகள் விரல்களில் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. உள்ளங்கை மரப்பட்டைபோல் இருந்தது. அந்தக் கையைப் பற்றித்தான் நான் கன்னடத்தில் பேசியிருந்தேன். நான் கையை விடுவித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனேன். சமையலறையில் நின்றேன். மகள்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிறகு வைத்தியத்துக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். இப்போது மத்திகிரி வீட்டில், சுவரைப் பிடித்தபடி நடக்கிறார். மருமகன் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில், இன்னமும் ஒப்பந்தத்தில், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறார்.

போன வருடம் என் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். படுத்திருந்தபோது மகளிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய், சூளகிரியில் சொன்ன பொய், கன்னடத்தில் சொன்னது, எல்லாம். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"அந்த லைன் நான் அப்பவே பாத்தேன்ப்பா. 'மாமா சொன்ன திருத்தம்'னு இருந்துச்சி. அவர்கிட்ட கேட்டேன். மாமாவுக்கு வயசாயிட்டுது, மறந்திருப்பாருன்னாரு. முப்பத்திநாலு வருசம் அதையே பாத்தவருக்கு மறக்குமான்னு கேட்டேன். வண்டியத் தொடைக்கப் போயிட்டாரு."

"அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்மா."

"எதுக்கு? சொல்லிட்டு நீங்க இறக்கி வெச்சிருவீங்க. அதை அவரு எங்க கொண்டுபோய் வைப்பாரு? அவரு அம்மாவை எதிர்ல வெச்சிக்கிட்டு தெனமும் சாப்பிடணும். நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சிட்டிருக்காரு. அப்படியே இருக்கட்டும்." சுளையை என் வாயருகே நீட்டினாள். "தின்னுங்க."

தின்றேன். அவர் உண்மையிலேயே அப்படி நினைக்கிறாரா, அல்லது என் மகளுக்காக அப்படிச் சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியாது.

போன மாதம் கண் பரிசோதனைக்காகக் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டியிருந்தது. மருமகன் லீவு போட்டுவிட்டு அதே காரில் வந்தார். அதே சோப்பு டப்பா டேஷ்போர்டில் இருந்தது, பச்சை வெளுத்துப்போயிருந்தது. சாவியைத் திருப்பியதும் திரையில் முதலில் 13.2 என்று ஒரு கணம் தெரிந்து, பிறகு 0.0 ஆயிற்று. இடத்துக் காற்றை அளந்து, அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிற அந்த நான்கு வரி. யாரும் சொல்லாமல் அவரே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். கிருஷ்ணகிரி மருத்துவமனையிலிருந்து திரும்பக் கிளம்பும்போது 13.8 காட்டிவிட்டுப் பூஜ்யத்துக்கு வந்தது. துல்லியம். நான் வேலையில் இருந்தபோது என் மேசைக்கு வந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அன்று காலை வீட்டிலிருந்து புறப்படும்போதே அலமாரியிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கையெழுத்தும் போட்டிருந்தேன். மகள் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னாள். ஒட்டக் கூடாது என்று சொல்லவில்லை. இப்படிக் கணக்குப் போடுகிற புத்தி என்னை விட்டு இன்னும் போகவில்லை.

மருத்துவமனை வாசலில், அவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன், "மாப்பிள்ளை" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அன்னைக்கு நான்..."

"பெல்ட்டைப் போடுங்க மாமா. டோல்கேட்ல நிப்பாங்க."

பெல்ட்டைப் போட்டேன். பிறகு ஸ்டிக்கரின் பின்தாளை உரித்து, சோப்பு டப்பாவின் மூடியில், திரைக்குக் கீழே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அவர் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

பதினைந்து வருடம் அலமாரியில் கிடந்த ஸ்டிக்கர். பசை காய்ந்துபோயிருந்தது. கையை எடுத்ததும் ஒரு ஓரம் சுருண்டது. இன்னொரு முறை அழுத்தினேன். சாலைக்கு வந்து ஏசி வேகமெடுத்ததும் முழுதாகப் பெயர்ந்து என் மடியில் விழுந்தது, அங்கிருந்து காலடிக்குப் போயிற்று. குனிந்து தேடினேன்.

"காத்துல நிக்காதுங்க மாமா" என்றார் அவர், கியரை மாற்றியபடி. "எடுத்து பாக்கெட்லயே வெச்சிக்குங்க."